பெல் சத்தம் கேட்கும் மியூசியம்

ஆம்ஸ்டர்டாமில் ஒரு மியூசியத்தின் அடிவயிற்றுக்குள் புகுந்து ஒரு பாதை போகிறது. கார் போகிற பாதை அல்ல, சைக்கிளும் நடப்பவர்களும் மட்டும் போகிற பாதை. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அங்கே ஓரமாகப் போய் நின்றுகொள்ள வேண்டும். முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு தாய் வருவாள். ஒற்றைக் கையில் ஹேண்டில்பாரும் மறுகையில் பூங்கொத்துமாக ஒரு கிழவர் வருவார். கேரியரில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பெண்ணோடு ஒரு பையன் வருவான். நம் ஊரில் 'டபுள்ஸ்' என்று சொல்வோமே, அதேதான். வளைவுக்குள் நுழைந்ததும் பெல் சத்தம் மாறிவிடும். வெளியே 'டிங்' என்று சட்டென்று அறுந்துபோகிற ஒலி, உள்ளே செங்கல் வளைவுகளில் பட்டுத் திரும்பிக் கொஞ்சம் தங்கும். கோயில் மணியை அடித்து நிறுத்திய பிறகும் காற்றில் ஒரு ரீங்காரம் நிற்குமே, அதன் சின்னத் தங்கை மாதிரி. இந்த ஒலி நயத்துக்காகவே தெருவில் வாசிக்கும் கலைஞர்கள் அந்த வளைவைத் தேடி வருகிறார்கள். ஒரு செல்லோ அங்கே நாலு செல்லோவாகக் கேட்கிறது.

அதுதான் ரைக்ஸ்மியூசியம், 1885-இல் திறந்த கட்டடம். கட்டியவர் பியர் கைப்பர்ஸ். நகரம் அப்போதுதான் தெற்கே விரியத் தொடங்கியிருந்தது. பழைய ஊரையும் புதிய ஊரையும் இணைக்கிற வழியில் மியூசியம் குறுக்கே நிற்கிறது என்றால், அதுவே வாசலாகவும் இருக்கட்டும் என்று நகராட்சி கேட்டது. ஊர்வாசலும் ஓவியக்கூடமும் ஒரே கட்டடமாகிவிட்டன. கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிகளும் வைத்து அதைக் கைப்பர்ஸ் கட்டிய விதம் கத்தோலிக்கத் தேவாலயம் போல இருக்கிறது என்று புராட்டஸ்டன்ட் மன்னருக்கு மனத்தாங்கல், கடைசிவரை உள்ளே கால் வைக்கவில்லை என்பார்கள். மன்னர் வராத கட்டடத்துக்குள் மீன்காரரும் தபால்காரரும் நாள்தோறும் போய்வந்தார்கள். எனக்கு இந்தக் கட்டடத்தில் முதலில் பிடித்தது அதுதான்.

2003-இல் பெரிய சீரமைப்புக்காக மியூசியத்தை மூடினார்கள். ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரத்துக் கட்டடக் கலைஞர்கள் குரூஸ், ஓர்தீஸ் இருவரும் புதிய நுழைவாயிலுக்காக அந்தப் பாதையில் கைவைக்கத் திட்டம் போட்டார்கள். சைக்கிள்காரர்கள் சங்கம் விடவில்லை. வாதம் வருடக்கணக்கில் நீண்டது. கடைசியில் பாதை தப்பித்தது. 2013 ஏப்ரலில் அரசி பேயாட்ரிக்ஸ் மியூசியத்தைத் திறந்து வைத்தார், அடுத்த மாதம் சைக்கிள்களும் திரும்பி வந்தன. தோற்றதாகச் சொல்லப்பட்ட கலைஞர்கள் ஒரு அழகான காரியம் செய்தார்கள். பாதையின் இரு பக்கமும் கண்ணாடி வைத்தார்கள். மிதித்துக்கொண்டே போகிறவருக்கு வலமும் இடமும் மியூசியத்தின் உள்முற்றங்கள் தெரியும். உள்ளே டிக்கெட்டோடு நிற்பவருக்கு வெளியே ஓடும் சக்கரங்கள் தெரியும். யார் யாருக்குக் காட்சி என்று சொல்ல முடியாது.

வார இறுதியில் இரண்டு நாள் ஒரு ஊருக்குப் போகிறோம், மியூசியமும் பார்க்க வேண்டும், சைக்கிளும் ஓட்ட வேண்டும் என்பவருக்கு நான் இந்த வளைவிலிருந்துதான் திட்டம் போட்டுக் கொடுப்பேன். காலையில் சுவரில் பார்த்ததை மாலையில் வழியில் பார்க்கும்படி நாளை அமைக்க வேண்டும். இந்த ஊரில் அது நடக்கும். வேறு பல ஊர்களில் மியூசியம் ஒரு வேலை, ஊர் சுற்றுவது வேறொரு வேலை. இங்கே இரண்டும் ஒரே துணியின் பாவும் ஊடும்.

முதலில் சைக்கிள். வாடகைக்குக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கியர் வைத்த மினுக்கல் வண்டியைக் காட்டுவார்கள். அதை விட்டுவிட்டு 'ஓமாஃபீட்ஸ்' கேளுங்கள். பாட்டி சைக்கிள் என்று பொருள். கறுப்பு நிறம், குறுக்குக் கம்பி இல்லாமல் கீழே வளைந்த சட்டம், மார்பை நோக்கி வளைந்து வரும் ஹேண்டில்பார், புடவைத் தலைப்பு மாட்டாத மாதிரி முழுசாக மூடிய செயின் கவர். அதில் ஏறினால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். பந்தய சைக்கிளில் குனிந்தவன் பார்ப்பது தார்ச்சாலையை, பாட்டி சைக்கிளில் நிமிர்ந்தவன் பார்ப்பது வீட்டு ஜன்னலை. கிளம்பிய பத்து அடியில் கை பிரேக்கைத் தேடும், பல வண்டிகளில் இருக்காது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் வண்டி நிற்கும். முதல் அரை மணி நேரம் கால் குழம்பும். பெரிய தெருவில் இறங்குமுன் ஒரு பூங்காவில் அதைப் பழகிக்கொள்வது நல்லது. குரங்கு பெடல் போட்டுக் கற்ற கால்களுக்கு அது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. பின்சக்கரத்து வளையப் பூட்டு நம் ஊர்ப் பூட்டேதான், அதே 'க்ளக்'. அதோடு ஒரு கனத்த சங்கிலியும் தருவார்கள், அதை ஒரு கம்பியோடு சேர்த்துக் கட்டாமல் போகக் கூடாது.

பாதையைப் பார்க்க வேண்டும். சைக்கிள் பாதை முழுக்கச் செந்நிறத் தார். கோலத்துக்கு இடும் காவி மாதிரி, 'இது தனி' என்று கண்ணுக்குச் சொல்கிற நிறம். குறுக்குத் தெரு வருமிடத்தில் வெள்ளை முக்கோணங்களை வரிசையாகத் தீட்டியிருப்பார்கள். சுறாப் பற்கள் என்று பெயர். பல்லின் கூர் உங்களைப் பார்த்தால் நீங்கள் நின்று வழிவிட வேண்டும், எதிராளியைப் பார்த்தால் அவர் விடுவார். போர்டு இல்லை, எழுத்து இல்லை, ஒரு முக்கோணம்தான். இவ்வளவு சிக்கனமாக ஒரு சட்டத்தைத் தரையில் எழுதிவிட முடியும் என்பதே ஒரு நயம். டிராம் தண்டவாளத்தை மட்டும் சாய்வாகக் கடக்காதீர்கள், சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும். நேர்க்குறுக்காகத்தான் கடக்க வேண்டும்.

இந்தப் பாதைகள் சும்மா வந்தவை அல்ல. 1971-இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். 400-க்கும் மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே ஒரு இயக்கம் பிறந்தது. பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்றானபோது, நெடுஞ்சாலையில் பிள்ளைகள் உருளைச் சறுக்கு விளையாடினார்கள். சத்தமில்லாத சாலை எப்படி இருக்கும் என்று ஒரு தலைமுறை பார்த்துவிட்டது. மரப்பெட்டிக்குள் தூங்கிக்கொண்டே போகும் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்தத் தூக்கத்தைப் போராடி வாங்கியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரைக்ஸ்மியூசியம் திறக்கும். டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். உள்ளே எண்பது கூடங்கள். எண்பதையும் பார்ப்பேன் என்று கிளம்பினால் பதினோரு மணிக்குக் கால் கெஞ்சும், கண் ஒன்றையும் வாங்காது. மூன்று பொருள் போதும். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம்.

முதலாவது வெர்மீரின் பால் ஊற்றும் பெண். 1660-ஐ ஒட்டி வரைந்தது. உயரம் 45.5 செ.மீ., அதாவது ஒன்றரை அடி. இத்தனை பேர் பெற்ற படம் இவ்வளவு சிறியதா என்று முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கூட்டம் நகரக் காத்திருந்து கிட்டே போங்கள். ஜன்னலோரம் ஒரு வேலைக்காரப் பெண், மண் கிண்ணத்தில் பால் ஊற்றுகிறாள். முழுப் படத்திலும் அசைவது அந்தப் பால் மட்டும்தான், நூல் மாதிரி இறங்கி, விழுமிடத்தில் லேசாக முறுக்கிக்கொள்கிறது. கையைச் சுருட்டி மடித்த சட்டைக்குக் கீழே பாருங்கள். மணிக்கட்டு வரை வெயில் பட்டுச் சிவந்த தோல், அதற்கு மேலே வெளுத்த தோல். நாள்தோறும் வெளிவேலை செய்கிற கை அது. மேஜைமேல் ரொட்டி. கிட்டே போனால் ரொட்டி காணாமல் போய்விடும், வெறும் வெள்ளைப் புள்ளிகள். இரண்டடி பின்னால் வந்தால் புள்ளிகள் மொறுமொறுப்பாகிவிடும்.

இன்னும் சுவர் இருக்கிறது. என் கண்ணுக்கு இந்தப் படத்தின் நாயகன் அந்தச் சுவர்தான். அவள் தலைக்கு மேலே ஒரு ஆணி. ஆணிக்கு ஒரு நிழல். ஆணி இருந்து பிடுங்கிய ஓட்டைகள் சில. சுண்ணாம்பு பெயர்ந்த இடங்கள். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து அதன் வழியே வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. ஆணிக்கு நிழல் வரைய வேண்டும் என்று யார் கேட்டார்கள்? வாங்கியவர் கேட்டிருக்க மாட்டார். அந்த ஆணியைப் பார்த்த கண்ணுக்கு அதை விட்டுவிட மனம் வரவில்லை. அந்தச் சுவரில் முதலில் சில பண்டங்களைத் தொங்கவிட்டு வரைந்து, பிறகு வேண்டாம் என்று வெர்மீரே அழித்திருக்கிறார் என்று மியூசியத்தின் ஆய்வாளர்கள் வண்ணப் பூச்சுக்கு அடியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பண்டங்கள் போய்விட்டன, ஆணியை விட்டுவைத்தார். அவளுடைய முதுகோரம் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோட்டையும் தவறவிடாதீர்கள். இயற்கையில் அப்படி ஒரு கோடு கிடையாது. சுவரிலிருந்து அவளைப் பிரித்து முன்னே நிறுத்த அவர் வைத்த கோடு அது.

இரண்டாவது, அதே கூடத்தின் கடைசியில் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்'. 1642. நாலரை மீட்டர் அகலம். கைப்பர்ஸ் இந்தக் கூடத்தையே இந்தப் படத்தை நோக்கித்தான் கட்டினார், கருவறையை நோக்கி மண்டபம் கட்டுகிற மாதிரி. 1715-இல் நகர மண்டபத்துக்கு எடுத்துப் போனபோது இடம் போதவில்லை என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். மனம் பதைக்கும். ஆனால் கூட்டம் முழுவதையும் பார்க்காதீர்கள். நடுவில் கறுப்பு உடையில் கேப்டன், பக்கத்தில் மஞ்சள் உடையில் அவருடைய லெப்டினன்ட். கேப்டன் பேசிக்கொண்டே இடது கையை நீட்டுகிறார். அந்தக் கையின் நிழல் லெப்டினன்ட்டின் மஞ்சள் அங்கியில் விழுகிறது. அங்கியின் ஓரத்தில் தங்க ஜரிகையில் ஒரு சிங்கம், அதனிடம் மூன்று பெருக்கல் குறிகள் கொண்ட நகரச் சின்னம். நிழலின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அந்தச் சின்னம் மிகச் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நகரத்தைக் காப்பவன் கைக்குள் நகரம். ஒரு வார்த்தையும் எழுதாமல் ஒரு நிழலை வைத்துச் சொன்னார்.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது கவனியுங்கள். நடைபாதை ஓரத்தில் கார் ஏறாமலிருக்க இடுப்பளவு உயரத்தில் காவி கலந்த செந்நிற இரும்புக் குத்துக்கல்கள் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் அதே மூன்று பெருக்கல் குறிகள். அதுவரை கண்ணில் படாதவை, அதற்குப் பிறகு தெருத்தெருவாக உங்களோடு வரும். நான் சொன்ன பாவும் ஊடும் இதுதான்.

மூன்றாவது பொருளுக்காக மியூசியத்தின் ஓரத்தில் இருக்கும் ஆசியக் கலை மண்டபத்துக்குப் போக வேண்டும். கல்லும் கண்ணாடியுமான சின்னக் கட்டடம், சுற்றிலும் தண்ணீர், தெப்பக்குளத்து நடுமண்டபம் மாதிரி. உள்ளே நம் நடராஜர். தமிழ்நாட்டில் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டி வார்த்தது. ஐந்தடி உயரம், 300 கிலோ எடை. 1930-களில் டச்சு நாட்டு ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் வாங்கியது. ஒரு முறை இந்தச் சிலையை லாரியில் ஏற்றி ராட்டர்டாம் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். கண்டெய்னர் லாரிகளை ஊடுருவிப் பார்க்கும் சுங்கத்துறைக் கருவியின் கீழ் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மியூசியத்தின் எக்ஸ்ரே கருவிக்கு இந்த வெண்கலத்தைத் துளைக்கும் வலு இல்லை. உள்ளே பொள்ளலே இல்லை, முழுக்கக் கன வார்ப்பு என்று தெரிந்தது. சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு இது தெரிந்த செய்திதான், உற்சவ மூர்த்தியைக் கனமாக வார்ப்பதுதான் அவர்கள் தொழில் மரபு. அவ்வளவு எடையையும் ஒற்றைக் காலில், முயலகன் முதுகில் ஏற்றி, பார்க்கிறவனுக்குக் கனமே தெரியாதபடி ஆட வைத்திருக்கிறார்களே, அந்தத் தொழில் திறத்தின் முன்னால் நான் வெகு நேரம் நின்றேன். அபிஷேகம் இல்லை, பட்டு இல்லை, புகை இல்லை. கோயிலில் மாலைக்குள் மறைந்துவிடும் விலா வளைவும் முழங்கால் மடிப்பும் இங்கே பளிச்சென்று தெரிகின்றன. பார்க்கக் கிடைத்த மகிழ்ச்சியும், கும்பிட ஆளில்லாமல் நிற்கிறாரே என்ற வருத்தமும் ஒன்றாக வந்தன. ஒல்லாந்தர் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த காலத்தில் அவர்களுடைய சொல் ஒன்று நம் வாயில் தங்கிவிட்டது. 'துட்டு' என்று நாம் சொல்வது அவர்களுடைய செப்புக் காசின் பெயர் என்பார்கள். உறவு பழையது.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். எதிரே புல்வெளியைச் சுற்றி வான்கா மியூசியம், நவீனக் கலைக்கான ஸ்டெடலெக் என்று வரிசையாக நிற்கும். வான்காவுக்கு நேரம் குறித்த டிக்கெட் முன்பே எடுத்தால்தான் உண்டு. அவர் மேல் தீராத ஆசை உள்ளவர்கள் மதியத்தை அங்கே கொடுக்கலாம். நான் கொடுக்க மாட்டேன். ஒரே நாளில் வெர்மீரும் வான்காவும் என்பது பாயசத்துக்கு மேல் பாயசம். மதியம் சைக்கிளுக்கு. கால்வாய்களின் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அரைவட்டமாக இருப்பதால், எந்தக் கரையைப் பிடித்துப் போனாலும் தொலைந்துபோக மாட்டீர்கள். 17-ஆம் நூற்றாண்டு வீடுகள் ஒடுக்கமாக உயர்ந்து, முகப்பு லேசாக முன்னால் சாய்ந்து நிற்கும். உச்சியில் ஒரு கொக்கி. மாடிப்படி அவ்வளவு குறுகல், கட்டிலும் பீரோவும் அதில் ஏறாது, கொக்கியில் கப்பி கட்டி வெளிப்பக்கமாகத்தான் தூக்க வேண்டும். முகப்பு முன்னால் சாய்ந்திருந்தால் தூக்கும் சாமான் சுவரில் உரசாது. காலையில் ஆணியைப் பார்த்துப் பழகிய கண் இந்தக் கொக்கிகளை எண்ணத் தொடங்கிவிடும்.

அந்தக் கால்வாய்களிலிருந்து ஆண்டுதோறும் 12,000 முதல் 15,000 சைக்கிள்கள் வரை வெளியே எடுக்கிறார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். கரையோரத்தில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தாதீர்கள்.

மாலையில் சென்ட்ரல் ஸ்டேஷன். இதையும் கட்டியவர் கைப்பர்ஸ்தான், அதனால் மியூசியத்தின் தங்கை மாதிரி ஒரு முகச்சாயல் தெரியும். ஸ்டேஷன் முன்னால் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில் 2023-இல் திறந்த சைக்கிள் நிறுத்துமிடம், 7,000 வண்டிகள் நிற்கும். தண்ணீரை வடித்து, குழி தோண்டி, கட்டி முடித்து, மறுபடி தண்ணீரை விட்டார்கள். முதல் 24 மணி நேரம் காசு இல்லை. ஸ்டேஷனின் பின்பக்கம் அகன்ற நீர்ப்பரப்பு. அதைக் கடக்க ஃபெர்ரி, அதற்கும் காசு இல்லை. சைக்கிளிலிருந்து யாரும் இறங்குவதில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹேண்டில்பாரில் கையை வைத்தபடி நூறு பேர் நிற்பார்கள். சில நிமிடப் பயணம். அக்கரை வந்ததும் முன்தகடு இறங்கும், எல்லாப் பெடல்களும் ஒரே நேரத்தில் சுழலும். அக்கரையில் வெள்ளைப் பறவை இறங்கினாற்போல ஐ திரைப்பட மியூசியம். உள்ளே போகாவிட்டாலும் அதன் படிகளில் உட்கார்ந்து இந்த ஃபெர்ரி போய்வருவதை நாலு தடவை பாருங்கள். ஜூன் மாதமென்றால் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு மியூசியம், ஒரே ஒரு ஆறு.

யோடன்பிரே தெருவில் ரெம்பிராண்டின் வீடு. 1639-இல் 13,000 கில்டருக்கு வாங்கினார். முழுப் பணத்தையும் அவரால் கட்ட முடியவே இல்லை. 1656-இல் திவாலானார். அப்போது அதிகாரிகள் அறை அறையாக வந்து இருந்த பொருள்களையெல்லாம் பட்டியல் எழுதினார்கள். சிப்பிகள், மார்பளவுச் சிலைகள், ஆயுதங்கள், அச்சுப்படக் கட்டுகள். அந்த நாள் அவருக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்! இன்று அந்தப் பட்டியலை வைத்துத்தான் வீட்டை மறுபடி அவர் வாழ்ந்த மாதிரி அமைத்திருக்கிறார்கள். மொகலாயச் சிற்றோவியங்கள் அவர் கைக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து ஜப்பானியத் தாளில் அவர் வரைந்த கோட்டோவியங்கள் இருபதுக்கும் மேல் இன்றும் பல நாட்டு மியூசியங்களில் இருக்கின்றன. இந்தியா பக்கம் வராத கை, ஷாஜகானை வரைந்திருக்கிறது.

அங்கே செப்புத் தகட்டில் படம் அச்சிடும் முறையைக் கண்முன் செய்து காட்டுவார்கள். அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு. ஊசியால் கீறினால் பூச்சு விலகிச் செம்பு மின்னும். அமிலத்தில் இட்டால் கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். பூச்சைக் கழற்றி, மையை அப்பி, துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் ஒரு துடைப்பு. பள்ளத்தில் இருக்கிற மை தங்க வேண்டும், மேட்டில் இருப்பது போக வேண்டும். அந்த நிதானம் உள்ளங்கைக்குத்தான் தெரியும். ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தி எடுத்தால் இடம் வலமாகப் படம். இன்னொரு முறையும் உண்டு. அமிலம் இல்லாமல் ஊசியால் நேரே செம்பைக் கீறுவது. கீறும்போது இரு ஓரமும் பிசிறு எழும். லேத் பட்டறைக்காரர் பிசிறை அரம் போட்டு எடுத்துவிடுவார். ரெம்பிராண்ட் வேண்டுமென்றே விட்டுவைத்தார். பிசிறில் மை தங்கி, கோட்டோரம் வெல்வெட் மாதிரிக் கசியும். சில டஜன் பிரதி எடுப்பதற்குள் பிசிறு நசுங்கிவிடும். அதனால் முதலில் எடுத்த பிரதிகளுக்கே அந்தக் கறுப்பின் ஆழம் உண்டு.

அப்படி ரெம்பிராண்ட் 1645-இல் செதுக்கியது 'ஓம்வல்' என்ற படம். ஆம்ஸ்டெல் ஆற்றில் நிலம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தின் பெயர் அது. எதிர்க்கரையில் வீடுகள், காற்றாலை, நடுவில் ஒரு படகு, கரையில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு ஆள். இடப்பக்கம் உடைந்து முறுக்கிய ஒரு பெரிய மரம். அச்சுப் பிரதி கிடைத்தால் அந்த மரத்தடிப் புதரை நன்றாகப் பாருங்கள். முதலில் இருட்டு மட்டும்தான். கண் பழகியதும் இருட்டுக்குள் ஒரு முகம், பிறகு இன்னொரு முகம். ஒரு பையன் ஒரு பெண்ணின் தலையில் மாலை வைக்கிறான். படகில் போகிறவர்களுக்குத் தெரியாது. முதுகு காட்டி நிற்கிறவனுக்கும் தெரியாது. ரெம்பிராண்டுக்குத் தெரியும், பொறுமையாகப் பார்த்தவருக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்னால் அவர் செய்த 'மூன்று மரங்கள்' படத்திலும் இப்படி ஒரு ஜோடியை மூலை இருட்டில் ஒளித்து வைத்திருக்கிறார். ஒளித்தார் என்பதைவிட, தொந்தரவு செய்யாமல் விட்டார் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை.

இனி சைக்கிள். ரெம்பிராண்டின் வீட்டிலிருந்து ஆம்ஸ்டெல் ஆறு கூப்பிடு தூரம். மெலிந்த பாலம் என்று பெயர் கொண்ட வெள்ளை மரப் பாலத்தைத் தாண்டி, மேற்குக் கரையைப் பிடித்துத் தெற்கே போக வேண்டும். ஔடர்கெர்க் என்ற சிற்றூர் வரை சுமார் 10 கிலோமீட்டர். மேடு கிடையாது, காற்றுதான் மேடு. அந்த நாட்டில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். அதனால் போகும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும் காற்று. இந்தத் திசையை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அரை மணி நேரத்துக்குள் ஓம்வல் எதிர்க்கரையில் வரும். காற்றாலை இல்லை. அதே நிலமூக்கில் இப்போது 135 மீட்டர் உயரத்தில் ஒரு அலுவலகக் கோபுரம். அதற்கு ரெம்பிராண்ட் கோபுரம் என்றே பெயர். ஆறு மட்டும் அதே வளைவு வளைகிறது. வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, காலையில் பார்த்த படத்தை மனத்தில் இதன்மேல் வைத்துப் பாருங்கள். படகு நிஜமாகவே வரும், ஞாயிற்றுக்கிழமை துடுப்புப் படகுக்காரர்கள் ஏராளம்.

அதைத் தாண்டினால் நகரம் சட்டென்று கழன்றுவிடும். புல்வெளி, மாடுகள், வாய்க்கால். வழியில் 1636-இல் கட்டிய ரீக்கர் காற்றாலை, பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கும் ரெம்பிராண்டின் சிலை. காற்றாலையை வேறொரு இடத்திலிருந்து 1961-இல்தான் இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். அவர் இந்த வழியாக நடந்த நாளில் அது இங்கே இல்லை. ஆனாலும் இருவரையும் சேர்த்து வைத்தவர் யாரோ நல்ல ரசனைக்காரர்.

ஔடர்கெர்க்கில் ஆப்பிள் கேக்கும் காப்பியும் சாப்பிடுங்கள், லவங்கப்பட்டை மணக்கும். பிறகு ஆற்றோரம் போர்த்துகீசிய யூதர்களின் இடுகாடு. 1614-இல் தொடங்கியது. சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வு நாள், ஞாயிறு போவதே சரி. ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். கல்லறைக் கற்கள் நின்றபடி இல்லை, தரையில் படுத்திருக்கின்றன. அவற்றில் வேதக் கதைக் காட்சிகளை நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள், மழை வழிந்து வழிந்து முகங்கள் மழுங்கிவிட்டன. ஓவியர் ரைஸ்டால் இந்தக் கற்களை வைத்து ஒரு பெரும் படம் வரைந்தார், பின்னணியில் மட்டும் இல்லாத மலையையும் இடிந்த கட்டடத்தையும் சேர்த்துக்கொண்டார். தத்துவ ஞானி ஸ்பினோசாவின் தாய் தந்தையர் இங்கேதான் இருக்கிறார்கள். மகன் இங்கே இல்லை. 1656-இல் சமூகம் அவரை விலக்கிவிட்டது, ரெம்பிராண்டின் வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எழுதிய அதே வருடம். ஸ்பினோசாவின் வீடும் ரெம்பிராண்டின் வீடும் சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தன.

நான் போன அன்று திரும்பும்போது மாலை ஏழு மணி. காற்று சொன்ன சொல் தவறாமல் முதுகில் இருந்தது, பெடலை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆற்றில் வெயில் சாய்ந்து தகடு மாதிரி மின்னியது. ஓம்வலுக்குச் சற்று முன்னால், கரைச்சரிவின் புல்லில் இரண்டு பாட்டி சைக்கிள்கள் படுத்திருந்தன. ஒன்றின் ஹேண்டில்பார் மற்றதன் சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டியிருந்தது. பூட்டவில்லை. ஆட்களைக் காணோம். கீழே தண்ணீரோரம் ஒரு ஆற்றலரிப் புதர், அதற்குள் நல்ல இருட்டு.

அந்த இடத்தில் பாதை வளைகிறது. வளைவில் பெல் அடிப்பது வழக்கம். கட்டைவிரல் பெல்லின்மேல் இருந்தது. அடிக்காமல் கடந்தேன்.